குளிர வைத்தால் தெரியாது

நல்ல வெள்ளை ஒயின் குடிக்க நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. இதைத்தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அவர்கள் முதலில் மேல் தட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் விலைச்சீட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். "நல்லாவும் இருக்கணும், கையையும் கடிக்கக் கூடாது" என்பார்கள். நான் குனிந்து கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். எங்கள் கடையில் உருப்படியான சரக்கெல்லாம் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். என் முட்டி தேய்ந்ததும் அப்படித்தான்.

நான் சுற்றி வளைப்பதாக நினைக்காதீர்கள். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஆரம்பம் இதுதான். மலிவான வெள்ளை ஒயினை நன்றாகக் குளிர வைக்க வேண்டும். குளிர வைத்தால் குறை தெரியாது. சாராய நெடி அடங்கிவிடும், இனிப்பும் புளிப்பும் மட்டும் நாக்கில் நிற்கும். மரப் பீப்பாயில் ஊறவைத்ததை வாங்காதீர்கள், மலிவு விலையில் அது பலகையை நக்கிய மாதிரி இருக்கும். மஸ்கட் திராட்சையில் செய்தது என்றால் லேசாக இனிக்கும், வாசனையாக இருக்கும், மற்றதில் பாதி ஆல்கஹால்கூட இருக்காது. குடித்துப் பழகாதவர்கள் அது ஒயின் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் கணவருக்கு நான் முதலில் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. நல்ல வேலைக்காரர், கூடவே நல்ல குடிகாரர். வேலை முடிந்து வந்ததும் பிராந்தி. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. குடிப்பார், எதையாவது கைதவறிப் போடுவார், நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். குடிகாரன் பெண்டாட்டி என்று எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கு அதில் ஒரு சௌகரியம் இருந்தது யாருக்கும் தெரியாது. அவர் தூங்கிய பிறகு வீடு என்னுடையது. நாள் முழுக்க நின்ற காலை வெந்நீரில் போட்டுக்கொண்டு, வாரப் பத்திரிகை ஏதாவது படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். கல்யாண வாழ்க்கையில் நான் சுகப்பட்டது அந்த நேரத்தில்தான்.

பிறகு அவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத்தான் பேசினார். "கல்லீரல்ல மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். அதை வெச்சுக்கிட்டு ரொம்ப நாள் ஓட்டலாம், குடிக்காம இருந்தா. திரும்பத் தொட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது." நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன்.

அவர் விட்டுவிட்டார். ஒரே மூச்சில் விட்டார். எத்தனை பேரால் முடியும் அது? அவருக்குச் சேர வேண்டிய பெருமையை நான் குறைக்க மாட்டேன்.

ஆனால் என் கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

குடியை விட்டவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை கூடிப் பேசும் கூட்டம் ஒன்று உண்டு. அவர் அதில் சேர்ந்தார். கூட்டத்தில் அவருக்குத் துணையாக ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். யார் யாருக்குக் கெடுதல் செய்தாயோ அவர்களிடம் போய் மனம்விட்டு மன்னிப்புக் கேள் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். கெடுதலில் பெரும் பங்கு எனக்குத்தான் என்பதால் மன்னிப்பிலும் பெரும் பங்கு எனக்கு வந்தது.

வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பிப்பார். நான் காய் நறுக்கினால் சமையலறை வாசலில் நிற்பார். பாத்திரம் கழுவினால் பக்கத்தில் வந்து நிற்பார். "உன்னை அன்னைக்கு மழையில பஸ் ஸ்டாண்டுலயே நிக்க வெச்சுட்டேன், ஞாபகம் இருக்கா?" என்பார். எனக்கு இல்லை. அவர் சொன்னதும் வந்துவிட்டது. என் அப்பாவை அடக்கம் செய்த அன்று குடித்துவிட்டு வந்து பந்தல் காலைப் பிடித்து இழுத்தது, மகள் பள்ளியில் பரிசு வாங்கியபோது மேடைக்குக் கீழே நின்று உளறியது. நான் ஒருவழியாக மறந்து முடித்ததையெல்லாம் அவர் நினைக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். வைத்துவிட்டு அழுவார். அவர் எனக்குச் செய்ததற்கு அவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டும். "பரவாயில்லை, விடுங்க" என்று சொன்னால் போதாது. "மனசார சொல்றியா?" என்று கேட்பார்.

அப்படியே மாதங்கள் போயின. வெந்நீரில் கால் வைக்க உட்கார்ந்தால் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவர் திருந்திவிட்டார் என்று என் மகளுக்குச் சந்தோஷம். நாத்தனாருக்குச் சந்தோஷம். "அண்ணி, உங்க பொறுமைக்குக் கிடைச்ச பலன்" என்று போனில் அழுதாள். எனக்கு ஒருநாள் கடை மூடியதும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. சரக்கு அறையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் குடிக்கவில்லை, அதனால் எனக்கு நிம்மதி இல்லை என்று சொன்னால் வாயால் சிரிப்பார்களா?

அவர் கைக்கு மாலையில் ஒரு டம்ளர் தேவைப்பட்டது. அதற்காக ஆல்கஹால் நீக்கிய வெள்ளை ஒயினை நானே கடையிலிருந்து கொண்டுவந்தேன். இவர் டாக்டரிடம் கேட்டதற்கு, "அதுல ஒண்ணும் இல்லேன்னா சரி" என்றார் டாக்டர். பஸ் டிரைவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "கிளாஸைப் பிடிக்கிற பழக்கமே வேண்டாம்யா" என்றார். அந்தச் சரக்கு ஈர அட்டை மாதிரி இருக்கும். இதில் வேடிக்கை, ஆல்கஹால் இருக்கிற ஒயினைவிட அதற்கு விலை அதிகம். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு எதற்கு அதிகமாகக் கேட்கிறீர்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். எடுப்பதற்குத்தான் செலவு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கும்.

முதல் தடவை நடந்தது தற்செயல். நீங்கள் நம்ப வேண்டியதில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது. கடையில் வாடிக்கையாளர்களுக்கு ருசி காட்டத் திறக்கும் பாட்டில்களில் மிஞ்சுவதை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், சமையலுக்கு ஆகும். பாதி பாட்டிலை அப்படியே வைத்தால் காற்று பட்டுப் புளித்துவிடும். அதனால் மிச்சங்களைச் சேர்த்து, திருகு மூடி உள்ள காலி பாட்டில் ஒன்றில் கழுத்துவரை நிரப்பி மூடி வைப்போம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் கைப்பழக்கம் அது. அன்று மிஞ்சியது மஸ்கட். வீட்டில் கைக்கு அகப்பட்ட திருகு மூடி பாட்டில் அவர் குடித்து முடித்த ஆல்கஹால் இல்லாத ஒயினுடையது. ஊற்றி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது முக்கால் பாட்டில் காலி. அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். முகம் அவ்வளவு சாந்தமாக இருந்தது.  மூச்சு விடுகிறாரா என்று குனிந்து பார்த்தேன். விட்டார். டாக்டருக்குப் போன் செய்ய நினைத்தேன், போன்கூடக் கையில் இருந்தது. அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கவனித்தேன். குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. போனை வைத்துவிட்டு வெந்நீர் போட்டேன்.

காலையில் எழுந்தவர், "எத்தனை மாசமாச்சு இப்படித் தூங்கி. குடியை விட்டா தூக்கம் தானா வரும்னு கூட்டத்துல சொன்னாங்க, நான்தான் நம்பல" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குடித்துப் பழகின நாக்குக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். பிராந்தியை டம்ளரில் ஊற்றிக் குடித்தவருக்கு மஸ்கட் ஒரு பொருட்டா? அதோடு, பாட்டிலில் எழுதியிருப்பதை மனிதர்கள் எவ்வளவு நம்புவார்கள் என்று என் மாதிரிக் கடையில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். அவருக்கு நம்ப ஆசையாகவும் இருந்தது. ஆனாலும் நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யவில்லை. அவருடைய பாட்டிலில் மஸ்கட் கொஞ்ச காலம். பிறகு அதில் ரீஸ்லிங் என்ற இன்னொரு லேசான வெள்ளை ஒயினைக் கலந்தேன். அதற்கும் பழகிய பிறகு ரீஸ்லிங் மட்டும். ஒருமுறை அவசரப்பட்டு சொவின்யோன் பிளாங்க் என்ற வேறு ரகத்தை வைத்துவிட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன இது, இன்னைக்கு நெல்லிக்காய் மாதிரிப் புளிக்குது?" என்றார். "கம்பெனி மாத்திட்டாங்க" என்றேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இளம் ஒயினாக, வாசனை அதிகமில்லாததாக, கொஞ்சம் நுரைப்பதாக இருந்தால் சரியாக இருந்தது. நுரை, நாக்கை யோசிக்க விடாது.

இதற்காக நான் எவ்வளவு தேடினேன் தெரியுமா? யாரும் கவனிக்காத சரக்கையெல்லாம் ருசித்துப் பார்த்தேன். எல்லாம் குறைந்த விலையில். அவருக்காகக் கண்டுபிடித்த ஒன்றைக் கடையிலும் கீழ்த் தட்டில் வைத்தேன், ஜனங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. சென்ற வருடம் எங்கள் கடையில் அதிகம் விற்ற வெள்ளை ஒயின் அதுதான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "எப்படிம்மா இதைப் பிடிச்சீங்க?" என்றார். வீட்டுக்காரருக்குப் பிடித்தது என்றேன்.

அவர் தினம் ஒரு பாட்டிலிலிருந்து ஒன்றரைக்குப் போனார். மாலைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. அவரும் என்னைப் பாராட்டிக்கொண்டேதான் இருந்தார். கூட்டத்தில் எழுந்து நின்று, என் மனைவி இல்லையென்றால் நான் இல்லை என்று பேசினாராம். பஸ் டிரைவர் வந்து சொன்னார்.

முதலில் மோப்பம் பிடித்தது என் மகள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அப்பா குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது ஓரடி பின்னால் போனாள். "அப்பா, வாய் நாறுது" என்றாள்.

"இது அது இல்லம்மா. ஆல்கஹால் இல்லாதது. பாட்டிலைப் பாரு" என்றார்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள், சரி என்றாள். ஆனால் குழந்தையைக் கொடுக்கவில்லை. அடுத்த மாத ரத்தப் பரிசோதனையில் விஷயம் உடைந்துவிட்டது. டாக்டர் காகிதத்தை மேஜைமேல் போட்டார். "ஏன் சார் பொய் சொல்றீங்க? ரத்தம் பொய் சொல்லாது." இவர் என்னைப் பார்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா, வீட்டுல குடிக்கிறாரா?"

"அந்த ஆல்கஹால் இல்லாத பாட்டிலைத் தவிர வேற எதையும் அவர் ஊத்திக் குடிச்சு நான் பார்த்ததில்ல, டாக்டர்" என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கைகழுவினார்கள். பஸ் டிரைவர் வந்து பரண், கழிவறைத் தொட்டி, செருப்புப் பெட்டி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார். குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ஒன்றும் கிடைக்காததில் அவருக்குக் கோபம்தான் கூடியது. "பொய் சொல்றவனுக்குத் துணை நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் போனை எடுப்பதை நிறுத்தினாள். மகள், "குடிக்கறதைக்கூட மன்னிச்சிடுவேன்ப்பா, முகத்தைப் பார்த்துச் சத்தியம் பண்றீங்களே, அதை முடியாது" என்றாள். அதோடு வரவில்லை. அவர் வாசல் படியில் உட்கார்ந்து அவள் போன தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கல் இல்லை.

கடைசியில் அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "தூக்கத்துல எழுந்து போய்க் குடிக்கிறேனோ? எனக்கே தெரியாம எங்கயாவது வாங்கி வெச்சிருக்கேனோ?" என்று கேட்டார். "ராத்திரி ரூமைப் பூட்டிச் சாவியை நீ வெச்சுக்கோ" என்றார். பூட்டினேன். பர்ஸையும் என்னிடம் கொடுத்துவிட்டார். வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். வழியில் கடைகள் இருக்கின்றனவே என்று பயம். எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, பத்திரமானது என்று அவர் நம்பிக் குடித்தது அந்தப் பாட்டில் ஒன்றைத்தான். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியோ குடிச்சிருக்கேன் போல. உனக்கு மறுபடியும் துரோகம் பண்ணிட்டேன். மன்னிச்சிடு" என்றார்.

மன்னித்தேன். அந்தத் தடவை மனசார என்று சொன்னது உண்மை.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்திப் பார்த்தேன். இடையில் ஒருமுறை அவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்துத் திரும்பி வந்தபோது, உண்மையான ஆல்கஹால் இல்லாத பாட்டிலையே வைத்தேன். இரண்டு நாளில் கை நடுக்கம், தூக்கம் போயிற்று, நாற்காலியை இழுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம கல்யாணமான புதுசுல ஒருநாள்..." என்று ஆரம்பித்தார். எனக்கு அன்று கடையில் சரக்கு இறக்கிய நாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. நான் எழுந்துபோய் வேறு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தேன். இதுதான் நடந்தது. அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். குடித்தால் செத்துப்போவார் என்று தெரியுமா என்றால், தெரியும். டாக்டர் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன் என்று சொன்னேனே. தெரிந்துதான் ஊற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகு என் மகள் மட்டும் இருந்தாள். அழவில்லை. அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அவர் மிச்சம் வைத்த பாட்டிலை எடுத்து, அவருடைய டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். அவர் நினைவாகத்தான் செய்திருப்பாள். நான் அந்த யோசனையே இல்லாமல் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றாள், அவர் நிற்கும் அதே இடம்.

"அம்மா, இது ஒயின்."

"ஆமா."

"நிஜ ஒயின்."

"நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கடையில் ருசி காட்டிக் காட்டி வந்த வாய்ப்பழக்கம். வேறு எந்த எண்ணத்திலும் கேட்கவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன்.  பாட்டிலைத் திருகி மூடி, புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள் செய்தது சரிதான், எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். களைப்பாக இருக்கிறது. கடைசி முறை ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு வந்து வந்து போனது. நர்ஸ்கூட, "குடிகாரங்க கடைசிவரைக்கும் ஒத்துக்க மாட்டாங்க" என்று அவர் காதுபடவே சொன்னாள். மகளை வரச் சொல்லிக் கேட்டார், அவள் வரவில்லை. அன்று சாயங்காலம் கொஞ்சம் தெளிவு வந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டார். "நான் குடிக்கல. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், நான் தொடவே இல்ல. நீயாவது நம்புறியா?" என்றார்.

"நம்புறேங்க" என்றேன். அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெற்ற மகள் நம்பவில்லை, கூடப்பிறந்தவள் நம்பவில்லை, டாக்டர் நம்பவில்லை. அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கடைசிவரை நம்பியது நான் ஒருத்திதான். முடிந்தால் இதை என் மகளிடம் சொல்லுங்கள். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.